மையவாடிக்குப் பச்சை நிறம்

ஜனவரி 14, செவ்வாய்

லாரஸ் இன்று கன்னம் சிவந்து வீட்டுக்கு வந்தாள். பத்து வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தி அறைந்திருக்கிறாள். குற்றம் என்ன? இறகுப்பந்து மையவாடியில் ஒரு கபர் மேல், யாரையோ புதைத்த இடத்தில், போய் விழுந்தது. எடுக்கப் போனவள் கல்லின் மேல் கால் வைத்துவிட்டாள். "எங்க அப்பா நெஞ்சு மேலயாடி மிதிக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள் அந்தப் பெண்பிள்ளை.

சண்டைக்குப் போகச் செருப்பை மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். என் அப்பா கபர் மேல் யாராவது ஏறி நின்றால் நானும் அறைந்திருப்பேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சோற்றுப்பானையை நங்கென்று வைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

"வேற எங்கம்மா விளையாடறது?" என்றாள் லாரஸ்.

எங்கள் கம்போங், இந்தக் கெபோன் வாருக் குடியிருப்பில், தொள்ளாயிரம் குடும்பங்கள். சந்து நாலடி அகலம். அதிலேயே மோட்டார் சைக்கிள், கேஸ் சிலிண்டர், துணிக்கொடி, கோழிக்கூண்டு. வானத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் மையவாடிக்குத்தான் போக வேண்டும்.

இதில் வேடிக்கை, நான் பதினான்கு வருஷமாக வேலை பார்ப்பது நகரப் பூங்காத் துறையில். எங்கள் ஊரில் பூங்காவும் மையவாடியும் ஒரே துறை. ஒரே மாடி, ஒரே தேநீர்ப் பாத்திரம்.

ஜனவரி 17, வெள்ளி

சுற்றறிக்கை வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பூங்காக் கொள்கையைத் திருத்தப்போகிறார்கள். பழைய விதி ஒன்று அப்படியே இருக்கும்: ஒரு வட்டாரத்தின் நிலத்தில் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே பசுமை இருந்தால், அங்கே நகரம் பூங்கா கட்டியே ஆக வேண்டும்.

வட்டாரக் கணக்கெல்லாம் என் கணினியில்தான் இருக்கிறது. கெபோன் வாருவைத் தட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்து நான்கு. மேட்டுப்பகுதியில் பங்களாக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கே இருபத்தெட்டுதான்!

வரைபடத்தில் மையவாடிக்குப் பச்சை அடித்திருக்கிறது. அதனால் அப்படி.

அடித்தது நான்.

ஜனவரி 18, சனி

எழுதியே தீர்த்துவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். பசுமை நகரப் பரிசுக்கு எங்கள் ஊர் விண்ணப்பித்திருந்தது. பசுமைக் கணக்கு கொஞ்சம் குறைந்தது. அப்போது பாக் டர்சோனோ வரைபடப் பிரிவுக்குத் தலைவர். இன்றைக்குத் துறைக்கே தலைவர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா ரத்ரி, மையவாடியில புல்லு முளைக்கலயா? மரம் இல்லையா? அப்புறம் என்ன?" என்றார். நானும் சிரித்தேன். ஒரே மதியத்தில் பத்தொன்பது மையவாடிகளுக்கும் பச்சை அடித்தேன். பரிசு கிடைத்தது. எல்லாருக்கும் இறைச்சி உருண்டை போட்ட மீட்பால் சூப் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அன்று கெபோன் வாரு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ஹண்டோயோவைக் கட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்தேன். நான் அடைத்த கூண்டுக்குள் நானே.

ஜனவரி 22, புதன்

பாக் முக்லிஸ் பஞ்சர் கடையில் கூட்டம். அவர்தான் எங்கள் வட்டத் தலைவர். டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கூட்டம் நடத்துவார். பம்ப் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் இருக்கிறதே, நகராட்சி இடம், அதை ஜூலையிலிருந்து சந்தை லாரிகள் நிறுத்தக் கொடுக்கப்போகிறார்களாம். அதற்குள் பூங்காப் பட்டியலில் ஏறிவிட்டால் தப்பும். இல்லையென்றால் சந்து முழுக்க லாரிதான்.

"நமக்கு என்ன கவலை? ரத்ரிதான் உள்ளேயே இருக்கே," என்றார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மையவாடி வாசலில் பூவிதழ் விற்கும் யாத்மி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இது உள்ள இருந்து என்ன புண்ணியம்? பதினாலு வருஷத்துல ஒரு ஊஞ்சலாவது தூக்கிட்டு வந்துச்சா? தேநீர் ஆத்திக் குடுக்கற வேலையோ என்னமோ!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடியும் சிரிப்பு! இந்தச் சிரிப்பை என்றைக்காவது செருப்பால் அடிக்க வேண்டும்.

நமக்கு ஏன் இதுவரை பூங்கா வரவில்லை என்று கேட்டார்கள். "கணக்கு அப்படி" என்றேன். யார் போட்ட கணக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

பாக் டர்சோனோ கூப்பிட்டார். ஒப்பந்த ஊழியர்களில் பதினோரு பேரை நிரந்தரமாக்கும் பட்டியல் போகிறதாம். என் பெயர் அதில் ஆறாவது.

"பதினாலு வருஷம் பொறுத்துட்ட. இன்னும் நாலு மாசம் பொறுத்துக்கோ. கொள்கைத் திருத்தம் நடக்கற நேரம், ஆளாளுக்கு வந்து கேப்பாங்க. வாயை மட்டும் பாத்துக்கோ."

"சரிங்க சார்."

"பழைய வரைபடத்தையே அனுப்பிடு. புதுசா எதுவும் கிண்ட வேணாம்."

"சரிங்க சார்."

ஹண்டோயோவிடம் சொன்னேன். மீன் குளிர்கிடங்கு வேலையில் விறைத்துப்போன அந்தக் கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வரைபடத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரி 6, வியாழன்

நகர மன்றக் குழு ஒவ்வொரு வட்டாரமாக நேரில் வந்து பார்க்கப்போகிறது. தேதியை அந்தந்த வட்டமே சொல்லலாம். பாக் முக்லிஸ் பிப்ரவரி 23 என்று கொடுத்துவிட்டார். நோன்புக்கு முந்தின ஞாயிறு! ஊர் உலகத்தில் இருக்கிற சொந்தமெல்லாம் கபர் சுத்தம் செய்து பூத்தூவ வருகிற நாள்.

"அன்னிக்கு ஏன்? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்களேன்," என்றேன்.

"செவ்வாய்க்கிழமை வந்தா யாரைப் பாப்பாங்க, காக்காவையா? கூட்டத்தைப் பாத்து அசந்துடணும். இத்தன ஜனத்துக்கு இடமே இல்லையான்னு அவங்களே கேக்கணும்."

ஏதோ தப்பாகப் பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சொல்ல வாயும் வரவில்லை. வாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களே.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஐயோ. ஐயோ. ஐயோ.

காலை எட்டு மணிக்கெல்லாம் மையவாடி நிரம்பிவிட்டது. புல் பிடுங்குகிறவர்கள், கல் கழுவுகிறவர்கள், ஓதுகிறவர்கள். பாய் விரித்து அப்பம் பங்கு போடுகிறார்கள். பிள்ளைகள் சுத்தமாகக் குளித்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கபருக்குக் கபர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். காற்றில் அரளிப்பூ வாசம். எனக்கே மனசு நிறைந்துவிட்டது, அதுதான் கொடுமை.

குழுத் தலைவி இபு நூர்ஹயாத்தி வந்தார். நல்ல மனுஷி மாதிரிதான் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்து அப்பம் தின்றார். பாக் முக்லிஸ் முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் பூரிப்பு. "பாருங்கம்மா, எவ்ளோ ஜனம் பாருங்க!" என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாள் எழுந்து நின்று சுற்றிப் பார்த்தார். "இந்த ஊர்ல இவ்வளவு உயிரோட இருக்கற பசுமை இடத்தை நான் பாத்ததே இல்லை! மேட்டுப்பகுதிப் பூங்காவுல காலையில நாய் மட்டும்தான் நடக்குது. இங்க பாருங்க, பெரியவங்க, குழந்தைங்க, சாப்பாடு! இதை அப்படியே அறிக்கையில போடணும்."

பக்கத்தில் நின்ற பாக் டர்சோனோ தலையாட்டினார். "அதனாலதாம்மா நாங்க இதைப் பசுமைக் கணக்குல வச்சிருக்கோம்."

பாக் முக்லிஸ் கை விரித்தபடியே நின்றுவிட்டது. பம்ப் நிலையப் பொட்டலைக் காட்ட அவர் கூப்பிட்டபோது வண்டியில் ஏறிவிட்டார்கள். அடுத்த வட்டாரத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

யாத்மி அக்கா கூடையில் மிச்சமிருந்த இதழைக் கீழே கொட்டினாள். "பூங்காவுக்கும் சேத்துத் தூவிட்டோம் போ," என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை மையவாடிக் கூட்டத்தை எடுத்த படம் வருகிறது. கீழே இரண்டு வரி என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "மக்கள் மகிழ்ந்து பயன்படுத்தும் பசுமை வெளி, கெபோன் வாரு."

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு ஒன்பது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து நோன்பு திறக்கிற வரைக்கும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பசியை மறக்க ஓட வேண்டும். வழக்கம்போல மையவாடிக்குப் போனார்கள். அங்கே ஒரு புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்களாம். லாரஸும் மூன்று சிநேகிதிகளும் ஓரமாக நின்று, புதைத்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, எல்லாரும் போனபிறகு வலை கட்டி விளையாடியிருக்கிறார்கள்.

சாதாரணமாகச் சொன்னாள். பேருந்துக்குக் காத்திருந்தேன் என்று சொல்கிற மாதிரி.

ஹண்டோயோவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பச்சை அடித்தது, மீட்பால் சூப், எல்லாம். அவர் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். பிறகு: "இப்ப மாத்தி அனுப்பினா என்ன ஆகும்?"

"ஆறாவது பேரு இருக்காது."

"அப்ப வேணாம்."

"லாரஸ்?"

"லாரஸுக்குத்தான்டி சொல்றேன்! என் கை இன்னும் எத்தன வருஷம் அந்த ஐஸைத் தாங்கும்? பார்க் வந்தா சோறு வருமா?"

அவர் சொல்றதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. எம்மேலதான் எல்லாத் தப்பும். பேசாம இருந்தாலும் தப்பு, பேசினாலும் தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுத்துல முட்டிக்கிறேன். நோன்பு வச்ச வாயால யாரையும் திட்டவும் முடியல. என்னை நானே திட்டிக்கலாம், அதுக்கு நோன்பு முறியாதே?

மார்ச் 14, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

பத்தொன்பது மையவாடிகளிலும் பச்சையை எடுத்துச் சாம்பல் நிறம் போட்டேன். புதுக் குழி ஓரமாகக் காத்து நின்ற லாரஸ்தான் கண்ணுக்குள் இருந்தாள். கெபோன் வாரு நூற்றுக்கு இரண்டு என்று வந்து நின்றது. அந்த இரண்டும் பள்ளிவாசல் முற்றத்து மாமரமாகத்தான் இருக்கும்.

வரைபடம் என் மேசையிலிருந்து நேராகக் குழுச் செயலாளருக்குப் போகும். பாக் டர்சோனோ முகப்புக் கடிதத்தை மட்டும்தான் பார்ப்பார். கூடவே ஒரு குறிப்பு வைத்தேன். நாலு தரம் அடித்துத் திருத்தியது:

"பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மையவாடிகளைப் பசுமைக் கணக்கில் சேர்த்தது பிழை. அதைச் செய்தவள் நான். மையவாடி இறந்தோரின் இடம். விளையாடுவதற்கான இடம் அல்ல. ரத்ரி, வரைபடப் பிரிவு."

அவர் பெயரை எழுதவில்லை. பயமா, நன்றியா? அந்த இரண்டு கிண்ணம் சூப்பாகக்கூட இருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

பாக் டர்சோனோ கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு அனுப்பின?"

"பழைய பிழை சார். என் பேர்லதான் எழுதியிருக்கேன்."

"உன் பேருக்கு என்ன மதிப்பு? ஒப்பந்தத்துல இருக்கற பொண்ணு! ஒரே நாள்ல ஊரோட கணக்கு இருபத்தொண்ணுலேர்ந்து பதிமூணுக்கு விழுந்துடுச்சு. மேயருக்கு யாரு பதில் சொல்றது, நீயா? பதினாலு வருஷம் உன்னை என் பொண்ணு மாதிரி..." தண்ணீர்க் குவளையை எடுத்தார். நோன்பு ஞாபகம் வந்து வைத்துவிட்டார். அந்த ஒரு நொடி எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது மாடி முழுக்கத் தட்டச்சுச் சத்தம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். மன்னிப்புக் கேட்கிற நாள். ஹண்டோயோ என் கையைப் பிடித்து முறைப்படி மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். இருவரும் எதற்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கொள்கைத் திருத்தம் நிறைவேறிவிட்டது! மையவாடிகள் இனிப் பசுமைக் கணக்கில் இல்லை. முப்பத்து மூன்று வட்டாரங்கள் பத்துக்குக் கீழே வந்துவிட்டன. முப்பத்து மூன்றுக்கும் பூங்கா கட்ட நகரம் கடமைப்பட்டிருக்கிறது. கெபோன் வாரு உள்ளே!

பத்திரிகையில் பாக் டர்சோனோவின் பேட்டி: "பழைய பிழையை எங்கள் துறையே முன்வந்து திருத்தியது." முன்வந்து! சரி, இருக்கட்டும். அவர் சொன்னால் என்ன, யார் சொன்னால் என்ன?

பாக் முக்லிஸ் கடை வாசலில் கோழி சூப். யாத்மி அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "தேநீர் ஆத்தறவன்னு நெனச்சேன், பெரிய ஆளுதான்டி நீ." லாரஸ் என் மடியிலிருந்து இறங்கவே இல்லை. பத்து வயசுக்கு என்ன கனம்!

மே 5, திங்கள்

வரிசை வெளியானது. ஜனத்தொகை பார்த்து, வெள்ளம் பார்த்து, நிலம் பார்த்து. வருஷத்துக்கு மூன்று பூங்கா. கெபோன் வாரு இருபத்தேழாவது.

ஒன்பது வருஷம். லாரஸுக்கு அப்போது பத்தொன்பது.

மே 20, செவ்வாய்

நிரந்தர நியமனக் கடிதம். ஆறாவது பெயர் அப்படியே இருந்தது. 'முன்வந்து திருத்திய' துறை, திருத்தியவளை வெளியே தள்ள முடியுமா? பேட்டி கொடுத்தவர் மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். வரைபடப் பிரிவிலிருந்து மாற்றம். பணி: மையவாடிப் பொறுப்பாளர், கெபோன் வாரு.

"வீட்டுக்குப் பக்கம்மா. பெட்ரோல் மிச்சம்," என்றார் பாக் டர்சோனோ. சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் இந்த வருஷம் நான் தேறியது.

ஜூன் 10, செவ்வாய்

பம்ப் நிலையப் பொட்டலைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். 'பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம். உள்ளே நுழையக் கூடாது.' லாரி வராது. யாருமே வர முடியாது.

புதிய கொள்கையின் அச்சுப் பிரதி வந்தது. பதினான்காம் பிரிவு: "மையவாடி இறந்தோரின் இடம். விளையாடுவதற்கான இடம் அல்ல. விளையாட்டும் விற்பனையும் தடை. மாலை நான்கு மணிக்கு வாயில் பூட்டப்படும்."

மூன்று முறை படித்தேன். என் வாக்கியம். ஒரு புள்ளிகூட மாறாமல் என் வாக்கியம்! பூங்கா கொடுங்கடான்னு சொல்ல எழுதினேன், இருந்ததையும் பிடுங்கிக்கிட்டாங்களே... யாரைக் குத்தம் சொல்ல? எழுதினவ நான், பூட்டப்போறவளும் நான்.

யாத்மி அக்காவிடம் கூடையை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கூடையைத் தூக்கி வெயிலில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 16, திங்கள்

வாயில் பூட்டும் முதல் நாள். நான்கு மணிக்கு விசில் ஊதினேன். பிள்ளைகள் வலையைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருத்தன் வாத்தியாரம்மாவிடம் சொல்வதுபோல் "நன்றி இபு" என்றான். கிண்டலா, மரியாதையா என்று தெரியவில்லை. லாரஸ் என்னைப் பார்க்காமலே நடந்தாள்.

ஜூன் 19, வியாழன்

நான்கு நாளாக லாரஸ் வீட்டில் சுவரைப் பார்த்துப் பந்து அடிக்கிறாள். டப், டப், டப். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிறாள். ஹண்டோயோ, "வெளிய போய் விளையாடு" என்று சொல்லப் போய் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

சந்துமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைசி வீட்டுச் சின்னப் பெண்ணை இடித்துவிட்டது. முழங்காலில் ஏழு தையல். மையவாடி பூட்டியிருந்ததால் சந்தில் ஓடியிருக்கிறாள். மணி நாலே கால். பாக் முக்லிஸ் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவும் சொல்லவில்லை. எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக இருக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்றரைக்குப் பிள்ளைகளை மையவாடிக்குள் கூப்பிட்டேன். கல் கட்டிய பக்கம் போகக் கூடாது, புதுக் குழிப் பக்கம் போகக் கூடாது, யாராவது ஓத வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும், சத்தம் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். "அம்மா, மாட்டிக்கிட்டா?" என்றாள் லாரஸ். "மாட்டிக்கிட்டா உங்கப்பாகிட்ட நீ சொல்லு," என்றேன். எட்டு நாள் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. யாராவது ஒரு கடுதாசி போட்டால் போதும், பதினான்கு வருஷமும் போயிற்று. வாயில் கதவை இழுத்துச் சாத்தினேன். தெருவிலிருந்து பார்த்தால் பூட்டின மாதிரி இருக்கும்படி பூட்டைச் சும்மா மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்பக்கம் உட்கார்ந்தேன்.

துறைப் பதிவேட்டில் எழுதினேன்: மாலை மணி 4. வாயில் பூட்டப்பட்டது. உள்ளே ஒருவரும் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். பதினேழு பேர் இருந்தார்கள்.